அருவியில் போகாத மஞ்சள்

அந்தமானுக்கு வேலை கிடைத்துப் புறப்படுகிற டீச்சர்கள் இரண்டு மூன்று பேர் இந்த வருஷம் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கொசுவலை எத்தனை முழம் வேண்டும், ரப்பர் பூட்ஸ் எங்கே கிடைக்கும், கப்பலில் வாந்தி வருமா என்று கேட்கிறார்கள். எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். நான் மறைத்துவிட்டுப் போகப் பார்த்து, கப்பலைக் கண்ணால் காண்பதற்கு முன்பே தென்காசியில் பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அந்தக் கதையை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக எழுதுகிற வேலை மிச்சம்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். வீரகேரளம்புதூர்ப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது, அதில் வந்த நெல்லில் காலம் போயிற்று.

பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. நடு அந்தமானில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேவை என்றிருந்தது. மனுப் போட்டேன். எனக்குச் சேவை மனப்பான்மை என்று யாராவது நினைத்தால் தப்பு. எனக்கு ஊர் பார்க்க ஆசை, அவ்வளவுதான். மேற்கே புளியறை, வடக்கே வாசுதேவநல்லூர், இதற்கு வெளியே நான் கண்டது பயிற்சிப் பள்ளி ஒன்றைத்தான்.

ஆனி மாதம் உத்தரவு வந்தது. இங்கிலீஷில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் சம்பளமும், ஆவணிக் கடைசியில் சென்னையிலிருந்து கப்பல் என்பதும், பாளையங்கோட்டையில் பெரிய டாக்டரிடம் உடல் தகுதிச் சர்டிபிகேட் வாங்கி அனுப்பவேண்டும் என்பதும். இரண்டாம் பக்கத்தில் போகிற இடம் எப்படிப்பட்டது என்ற விவரம். அந்தப் பக்கத்தில் மலேரியா என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. முதல் பக்கத்தை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தை மடித்துவிட்டேன்.

"ஊரு எப்படிட்டி இருக்குமாம்?" என்றாள் அம்மா.

"குத்தாலம் மாதிரியேதான் இருக்குமாம்மா. சாரல், மரம், குளுமை."

"அப்ப குத்தாலத்துலயே இருந்துக்கிட வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குக் கப்பலேறணும்?"

நல்ல கேள்வி. நான் சண்டை போட்டேன். "உலகம்மான்னு பேரு வச்சிட்டு ஊரத் தாண்ட விடமாட்டேங்கியே" என்று கத்தினேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். "சரி, சவத்த, டாக்டர் சர்டிபிகேட் குடுக்கட்டும், பாப்போம்" என்று அம்மா பாதி மனசோடு சொன்னாள். பாதி எனக்குப் போதும் என்று அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எடுத்துப்போக வேண்டிய சாமான்களை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி ஒருவர் உண்டு, நாங்கள் பட்டாளத்து மாமா என்போம். யுத்தத்தில் பர்மா காட்டில் மருந்து கட்டுகிற வேலை பார்த்தவர். அவரிடம் மட்டும் இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பாவோடு திரும்பி வந்தார். உள்ளே நிறைய மாத்திரை.

"பர்மாவுல நான் உசிரோட திரும்புனது இதாலதான்ட்டி. தினம் ஒண்ணு தின்னு. கப்பலேறதுக்கு முந்தியே ரத்தத்துல ஊறிட்டுன்னா கொசு கடிச்சாலும் காய்ச்சல் அண்டாது."

மறுவாரம் அவர் மகள் பிரசவத்துக்காக ஜாம்ஷெட்பூருக்கு ரயிலேறிவிட்டார். நான் மாத்திரையை ஆரம்பித்தேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. தினம் ஒன்று என்று அவர் சொன்னார். ஒன்று தின்றால் காய்ச்சல் வராது என்றால் இரண்டு தின்றால் கொசுவே வராது என்று நான் இரண்டாகத் தின்றேன். படித்த பெண் செய்கிற காரியமா இது? செய்தேன்.

ஆடி பிறந்ததும் அம்மா என்னைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். "இப்பத்தான் புள்ள லெச்சணமா மஞ்சத் தேச்சுக் குளிக்கா. முகத்துல ஒரு களை வந்துட்டு பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எங்கள் பக்கத்தில் பெண் முகம் மஞ்சளாக இருந்தால் அது அழகு, யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். நானும் அம்மா சும்மா சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். அந்தக் களையை நம்பி அம்மா வாசுதேவநல்லூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள்கூட அனுப்பிவிட்டாள்.

ஆடி நடுவில் சாரல் கனத்தது. அம்மாவும் நானும் குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போய், எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் பெண்கள் பக்கம் நின்றோம். ஒரு மணி நேரம் தலையில் தண்ணீர் அறைந்தது. வெளியே வந்ததும் அம்மா சீயக்காய்த் தூளை எடுத்து என் கையைத் தேய்த்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், நின்றுவிட்டாள்.

"ஏட்டி, என்னத்தப் பூசியிருக்கே? போகவே மாட்டேங்கே."

"நான் ஒண்ணும் பூசலையே."

"அப்ப இத்தன நாளும் மஞ்சத் தேச்சது?"

"நான் எப்பம்மா மஞ்சத் தேச்சேன்?"

அம்மா என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. "அய்யோ, காமாலையில்லா!" என்று அருவிச் சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம் போட்டாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் வந்து என் கையைப் பார்த்தார்கள். எல்லாரும் காமாலை என்றார்கள். கண்ணையும் பார்த்தார்கள், ஆனால் அருவித் தண்ணீர் அடித்து அது சிவந்து கிடந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், அன்றைக்குக் கண்டவர் கண்ணுக்கெல்லாம் நான் மஞ்சள்.

அன்று சாயங்காலமே பத்தியம் தொடங்கியது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி விடிந்ததும் ஒரு டம்ளர். வயிறு சுத்தமாகப் பேதி மருந்து. உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் வாசனையே கூடாது. கீழாநெல்லி நல்ல மருந்துதான், அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பேதியும் உப்பில்லாக் கஞ்சியும்தான் என்னை உருக்கின. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிவைத்தவன் புண்ணியவான். வாசுதேவநல்லூர்க்காரர்கள் சமாசாரம் கேட்டு, சீக்காளிப் பொண்ணு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அது ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த நல்ல சேதி.

இதற்கு நடுவிலும் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. காமாலை வேறு, மாத்திரை வேறு என்றுதான் நினைத்தேன். காமாலை ஆறிக் கப்பலேறுகிற நேரத்தில் ரத்தத்தில் மருந்து குறைந்துவிடக்கூடாதே என்ற கவலை எனக்கு. வயிற்றைப் புரட்டும், தலை சுற்றும், எல்லாம் காமாலை செய்கிற வேலை என்று வைத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் கிணற்றடியில் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. கத்தக்கூட வாயில் ஈரம் இல்லை. அப்படியே விழுந்தேன். குதிரை வண்டியில் தூக்கிப் போட்டுச் செங்கோட்டை ரோட்டிலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு கட்டில். திருவாங்கூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஊரோடு தங்கிவிட்ட ஒரு டாக்டரம்மா நடத்தினார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டிருப்பார், கோபம் வந்தால் மலையாளம் வரும்.

என் கையில் ஊசியைச் செருகி, ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். உப்புத் தண்ணீரும் குளுக்கோஸும் சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கின. "காமாலை கிடக்கட்டும். இப்ப இந்தக் குட்டி உடம்புல தண்ணியும் இல்ல, உப்பும் இல்ல. அதான் காலு இழுத்திருக்கு. கஞ்சியில நல்லா உப்பு போட்டுக் குடுக்கணும், கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. அம்மா தலையை ஆட்டினாள்.

பிறகு சோதனைகள். சிறுநீரை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்தார்கள். விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி ஈரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ரத்தத்தை எடுத்து, ஐஸ் வைத்த பிளாஸ்கில் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் எவ்வளவு பித்தம் கலந்திருக்கிறது என்று அங்கேதான் அளந்து சொல்வார்களாம். முடிவு வர ஒரு வாரமாகும்.

"ஈரல் கெட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷத்துக்குக் கப்பலும் இல்ல, காடும் இல்ல" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரம்தான் நான் பட்ட பாடு. செத்துப்போவேனோ என்று இரண்டு தடவை நினைத்தேன். கப்பல் போய்விடுமே என்று இருநூறு தடவை நினைத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். காலையில் தலைவாரி இறுக்கிப் பின்னிவிடுவாள். சாரலில் சேலை உலராது என்று இரண்டு சேலையை மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு, தான் என்ன சாப்பிட்டாள், எங்கே படுத்தாள் என்று எனக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி என் காதுபட ஒரு பேச்சு வரவில்லை.

நோட்டை மட்டும் நான் கையைவிட்டு வைக்கவில்லை. அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த என் பெட்டியிலிருந்து எடுத்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு எழுதுவேன், அடிப்பேன். நர்ஸ் ஞானம் நாசரேத்துக்காரி, வாய்த் துடுக்கு ஜாஸ்தி. ஒரு நாள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி வாசித்தாள்.

"நார்த்தங்காய் ஊறுகாய் ரெண்டு ஜாடி, எலுமிச்சங்காய் ஊறுகாய் ரெண்டு ஜாடி. ஏன் டீச்சர், அங்கன போயி பாடம் நடத்தப் போறீங்களா, ஊறுகாய்க் கடை போடப் போறீங்களா? சேலையெல்லாம் வெள்ளை வெள்ளையா எழுதியிருக்கீங்க. சகதியில அதை யாரு தொவைக்கது? கருநீலம் எழுதுங்க. சோப்பு எங்க? நூல், ஊசி, மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி?"

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சாகப்போகிறவளிடம் யாரும் அடுப்புத் திரியைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆனால் உடம்பு தேறவில்லை. கால் இழுப்பது நின்று நின்று திரும்ப வந்தது. மஞ்சள் நாளுக்கு நாள் கூடியது. எட்டாம் நாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தோடு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஞானம் கதவருகே நின்றாள்.

"கேளு குட்டி. ஈரல் பித்தத்தை உண்டாக்கும். அது குடலுக்குப் போற வழி கெட்டா ரத்தத்துல கலக்கும். அதுதான் காமாலை. அப்படிக் கலந்தா முதல்ல மஞ்சளாகிறது கண்ணோட வெள்ளை." என் இமையைக் கீழே இழுத்தார். "உன் கண்ணு பாலு மாதிரி இருக்கு. நீருல பித்தம் இல்ல. இதோ, ரத்தத்துலயும் இல்ல. ஈரல் பரம சுகம். ஆனா தோலு மட்டும் மஞ்சள், அதுவும் இங்க வந்த பிறகு கூடியிருக்கு. உப்பு குடுக்கச் சொன்னா உப்பும் ஏறலை. எட்டு நாளா நான் வைத்தியம் பார்க்கிறது உனக்கா, இந்தச் சுவருக்கா? ரெண்டு பேரும் எந்தோ மறைக்கிறீங்க. சத்தியம் பறயணும்."

ரெண்டு பேருமா? அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு நான்தான் குடுக்கலம்மா" என்றாள் மெதுவாக. "காமாலைக்கு உப்பு விஷம்லா. நீங்க சொன்னாலும் எனக்கு மனசு கேக்கல. நர்ஸம்மா குடுக்கிய கஞ்சிய வாதாமரத்து மூட்டுல கொட்டிட்டு, நான் பத்தியக் கஞ்சி வச்சுக் குடுத்தேன்."

"அதானே பாத்தேன்! அந்த மரத்து மூட்டுல காக்கா ஏன் இப்படிக் கூடுதுன்னு" என்றாள் ஞானம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். டப்பாவைக் காட்டினால் எதற்கு மாத்திரை என்று கேட்பார்கள். சொன்னால் அம்மா விடமாட்டாள். காட்டாவிட்டால் மஞ்சளோடு கிடக்கவேண்டியதுதான். அம்மா பொய்யை ஒத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. தலையணை உறைக்குள் கைவிட்டு, பெட்டியோடு வந்த மாத்திரை டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

டாக்டரம்மா மூடியைத் திறந்தார். ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "எத்தனை தின்றே?" என்றார்.

"தினம் ரெண்டு."

"என்டெ தெய்வமே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இது யுத்தகாலத்து மலேரியா மாத்திரை. சாயம் மாதிரி தோலுல ஏறி நிக்கும். இதுதான் உன் காமாலை. ஒண்ணுக்கு ரெண்டாத் தின்னா வயித்தைப் புரட்டாம என்ன செய்யும்?"

அம்மா சிரிக்கவில்லை. "மலேரியாவா? எங்கன இருக்கு மலேரியா?"

"அங்கன" என்றேன்.

"குத்தாலம் மாதிரின்னு சொன்னியே."

அம்மா எழுந்து என் பெட்டியைத் திறந்து அந்த உத்தரவுக் கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். "விட்ட பக்கத்த வாசி. டாக்டரம்மா, நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. இவ ஒரு வரிய முழுங்குனாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

வாசித்தேன். முகாம் இருப்பது கடல் ஏறிவருகிற ஓதத் தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரங்கூட இல்லாத பள்ளக்காடு. முன்னால் சதுப்புக் கழி, பின்னால் வெயில் புகாத மரம். வருஷத்தில் எட்டு மாதம் மழை. அட்டை உண்டு, பாம்பு உண்டு, கழியில் முதலை உண்டு. மலேரியா கடுமை. டாக்டர் கிடையாது, ஒரு கம்பவுண்டர் உண்டு. மாதம் ஒரு தடவை லாஞ்ச் படகு வரும், கடல் சரியில்லை என்றால் அதுவும் வராது. பள்ளிக்கூடக் கட்டடம் இனிமேல்தான் கட்டவேண்டும். பிள்ளைகள் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

முதலை என்ற இடத்தில் என் குரல் இறங்கியது. "சத்தமா" என்றாள் அம்மா.

முடித்ததும் அம்மா டாக்டரம்மாவிடம் கேட்டாள். "இவளுக்கு அங்கன காய்ச்சல் வந்தா பிழைப்பாளா?"

"இப்ப புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு. வாரத்துக்கு ஒரு நாள் தின்னா மதி, போதும். மஞ்சளும் பிடிக்காது. ஒழுங்காத் தின்னா பயம் குறைவு. வரவே வராதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

அம்மா எழுந்தாள். ஞானம் கொண்டுவந்த கஞ்சியை வாங்கி, ஒரு கல் உப்பை எடுத்துத் தானே போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் "குடி", "படு" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அவள் வாயிலிருந்து வரவில்லை. பொய் சொன்னதற்கு நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

உப்பு ஏறியதும் உடம்பு மளமளவென்று தேறியது. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். மாமாவுக்கு நான் எழுதிய கோபக் கடிதத்துக்குப் பிற்பாடு கார்டில் பதில் வந்தது. "அங்கே நாங்கள் எல்லோருமே மஞ்சளாகத்தான் இருந்தோம். அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தார். சாயம் இறங்க இரண்டு மாதம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சர்டிபிகேட்டுக்குக் கடைசி நாளோ அடுத்த வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை காலையில், இது காமாலை இல்லை, மாத்திரைச் சாயம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டேன். கூப்பிடாமலே அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். என்ன நினைத்து வருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கெடுத்துவிடுவாளோ என்று வழியெல்லாம் பயம். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வராந்தா பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர். கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினார்.

"எந்த ரெஜிமெண்ட்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கடகடவென்று சிரித்தார். "மூணு வருஷம் பர்மாவில் இதே நிறத்தில் இருந்தவன்மா நான். இந்த மஞ்சளைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!"

ஸ்டெதஸ்கோப் வைத்து, எடை பார்த்து, காலைத் தட்டி, எல்லாம் சரி என்றார். மேஜையில் நான் கொண்டுவந்த சர்டிபிகேட் படிவத்தை விரித்து, போகிற இடத்தின் பெயரை வாசித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எனக்கு அந்த மாதிரி இடம் தெரியும். ஆம்பிளைகளே அழுதிருக்காங்க. உடம்பில் உனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனா வீட்டுக்குத் தெரியாம ஓடுற பிள்ளைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். யார் உன்னை அனுப்புறது?"

பின்னால் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் அனுப்புதேன்" என்றாள்.

"அங்கே எப்படி இருக்கும்னு தெரியுமாம்மா?"

"தெரியும். அட்டை, பாம்பு, முதலை, காய்ச்சல். டாக்டர் கிடையாது. மாசத்துக்கு ஒரு போட்டு, அதுவும் வந்தா உண்டு. நாப்பது பிள்ளைய எழுத்துத் தெரியாம நிக்கி. எல்லாம் தெரிஞ்சுதான் அனுப்புதேன். எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் குனிந்து, மை காய்கிறவரைக்கும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.